பொதுப் பதவியும் மத நம்பிக்கையும்: அமெரிக்காவின் அனுபவமும் மன்னாரின் கேள்வியும்

பொதுப் பதவிக்கு வருபவர் எந்த மதத்தைச் சார்ந்தவர் என்ற கேள்வியை உலகின் எந்த ஜனநாயகமும் முற்றாகக் கைவிட்டதில்லை. சட்டப் புத்தகங்களில் அக்கேள்விக்கு இடமில்லை என எழுதப்பட்ட நாடுகளிலும், வாக்காளரின் உள்ளத்தில் அது உயிரோடு இருந்து வந்திருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் வேட்பாளரின் தேவாலயம், பிரார்த்தனை, விவிலிய அறிவு ஆகியவை பேசுபொருளாகின்றன. நமது மன்னார் மாவட்டத்திலும் தேர்தல் காலம் நெருங்கும்போது கத்தோலிக்க வாக்கு எங்கே, இந்து வாக்கு எங்கே, முஸ்லிம் வாக்கு எங்கே என்ற கணக்கே முதலில் எழுகின்றது. இந்த இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்ப்பது பயன் தரும். ஏனெனில் மதம் பதவிக்குத் தகுதியாவதும் தடையாவதும் எத்தகைய விளைவுகளைத் தரும் என்பதை மன்னார்க் கரை ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகத் தன் அனுபவத்தில் கண்டிருக்கிறது.

அமெரிக்காவில் எழுதப்பட்ட சட்டமும் எழுதப்படாத சட்டமும்

1787 ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாம் உறுப்புரை, எந்தப் பொதுப் பதவிக்கும் மதச் சோதனை ஒரு தகுதியாகக் கோரப்படலாகாது என விதித்தது. 1791 இல் இணைக்கப்பட்ட முதலாவது திருத்தம், அரசு ஒரு மதத்தை நிறுவுவதையும் மத வழிபாட்டைத் தடுப்பதையும் விலக்கியது. பின்னர் 1802 இல் ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன், அரசுக்கும் மத நிறுவனத்துக்கும் இடையிலான மதிலைப் பற்றித் தமது கடிதம் ஒன்றில் எழுதினார். அந்த உவமை இன்றுவரை அந்நாட்டு நீதிமன்றங்களில் எடுத்தாளப்பட்டு வருகிறது.

ஆயினும், ஆறாம் உறுப்புரை மத்திய அரசின் பதவிகளையே கட்டுப்படுத்தியது. பல மாநிலங்கள் தம் சொந்த அரசியலமைப்புகளில் மதச் சோதனையைத் தொடர்ந்தும் வைத்திருந்தன. மேரிலாந்து மாநிலத்தில் நொத்தாரிசுப் பதவிக்கு நியமிக்கப்பட்ட ஒருவர், கடவுள் உண்டெனப் பிரகடனம் செய்ய மறுத்ததால் அப்பதவியை இழந்தார். அவருடைய வழக்கில் 1961 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உயர் நீதிமன்றம் அத்தகைய சோதனை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பு எழுதப்பட்டு 174 ஆண்டுகள் கழிந்த பின்னரே ஒரு நொத்தாரிசுக்கு இந்த நீதி கிடைத்தது என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

எழுதப்படாத சட்டம் இதனினும் வலியது. 1928 இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்ற அல் ஸ்மித், கத்தோலிக்கர் என்பதனால் கடும் எதிர்ப்பைச் சந்தித்துத் தோல்வியுற்றார். முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின், 1960 செப்டெம்பர் 12 ஆம் திகதி, ஜோன் எவ். கென்னடி ஹூஸ்டன் நகரிலே புரட்டஸ்தாந்துப் போதகர்கள் முன் தோன்றினார். பதவிக்கு வந்தால் பாப்பரசரின் ஆணைக்கன்றித் தமது மனச்சாட்சிக்கும் நாட்டின் நலனுக்குமே கட்டுப்படுவேன் என விளக்கினார். மனச்சாட்சிக்கும் பதவியின் கடமைக்கும் முரண்பாடு ஏற்பட்டால் பதவியைத் துறப்பேன் எனவும் கூறினார். அவர் வெற்றி பெற்றார். ஆனால் இரண்டாவது கத்தோலிக்க ஜனாதிபதியாக ஜோ பைடன் பதவியேற்க 2021 வரை அந்நாடு காத்திருக்க வேண்டியிருந்தது.

முஸ்லிம்களின் வரலாறு இன்னும் அண்மைக்குரியது. அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தெரிவான முதலாவது முஸ்லிமான கீத் எலிசன் 2007 ஜனவரியில் திருக்குர்ஆன் மீது கைவைத்து உறுதியேற்றார். அவர் குர்ஆனைப் பயன்படுத்தப் போகிறார் என்ற செய்தி பரவியதும் கண்டனங்கள் எழுந்தன. பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர்கள் கூட்டாக உறுதிமொழி எடுக்கும்போது எந்த நூலும் பயன்படுத்தப்படுவதில்லை; நூலின் மீது கை வைப்பது பின்னர் நடைபெறும் சடங்கு மாத்திரமே. எலிசன் தமது சடங்குக்குத் தேர்ந்தெடுத்தது காங்கிரஸ் நூலகத்தில் பேணப்பட்டிருந்த ஒரு பழைய குர்ஆன் மொழிபெயர்ப்பு. அது ஒருகாலத்தில் தோமஸ் ஜெபர்சனுக்குச் சொந்தமாயிருந்த பிரதி. அந்நியமெனத் தூற்றப்பட்ட நூல், நாட்டை நிறுவியவர்களுள் ஒருவருடைய அலுமாரியிலேயே இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் உணர்த்தியிருக்க முடியாது. 2025 நவம்பரில் நியூயோர்க் நகரின் மேயராக சொஹ்ரான் மம்தானி என்ற முஸ்லிம் தெரிவானார். அவருடைய மதத்தை முன்வைத்த பிரசாரங்களையும் அத்தேர்தல் கண்டது.

மன்னார்க் கரையின் மதச் சோதனைகள்

அமெரிக்காவில் 1787 இல் மதச் சோதனை விலக்கப்பட்டபோது மன்னாரில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அவ்வாட்சியில் முதலியார் முதலான சுதேசப் பதவிகளைப் பெற விரும்பியோர் சீர்திருத்தத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவராயிருத்தல் வேண்டும். பாடசாலைத் தோம்பில் பெயர் பதியப்படுவது பதவிக்கும் சொத்துரிமைக்கும் வாயிலாக இருந்தது. இதன் விளைவு யாதெனில், பெயரளவில் கிறிஸ்தவராகி, வீட்டில் சைவராகவும் கத்தோலிக்கராகவும் வாழ்ந்த ஒரு மக்கட் கூட்டம் உருவாகியமையாகும். ஒரு மதத்தைப் பதவிக்குத் தகுதியாக்கினால் அம்மதத்துக்குப் பக்தர்கள் கிடைப்பதில்லை. பதவி விரும்பிகளே கிடைக்கின்றனர் என்பதற்கு ஈழத்தின் கடலோரமே சான்று.

அதற்கு முந்திய வரலாறு இரத்தம் தோய்ந்தது. 1544 இல், கிறிஸ்தவம் தழுவிய மன்னார் மக்களுள் ஏறத்தாழ அறுநூறு பேர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். அவர்கள் வேதசாட்சிகளாக இன்றும் நினைவுகூரப்படுகின்றனர். மன்னனின் அச்சம் வழிபாட்டைப் பற்றியது மட்டுமன்று. மதம் மாறியோர் போர்த்துக்கேய முடியின் பக்கம் சாய்வர் என்ற அரசியல் அச்சமும் அதற்குள் இருந்தது. 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். பாடல்பெற்ற தலமான திருக்கேதீச்சரம் அவர்களது காலத்தில் தகர்க்கப்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். இப்போது துன்புறுத்தப்படும் முறை கத்தோலிக்கருடையதாயிற்று. குருமார் வெளியேற்றப்பட்டனர், அவர்களுக்கு அடைக்கலம் தருவது கடுங்குற்றமாயிற்று. மாந்தையிலிருந்த அன்னையின் திருச்சொரூபத்தைக் காப்பாற்ற, 1670 அளவில் விசுவாசிகள் அதனைக் காட்டுக்குள் கொண்டு சென்றனர் என்பது மடுத் திருத்தலத்தின் வரலாறு. 1687 இல் இலங்கைக்கு மாறுவேடத்தில் வந்த ஜோசப் வாஸ் அடிகள் ஒளிந்தொளிந்து பணி செய்ய நேர்ந்ததும் இக்காலத்திலேயே.

ஆகவே, இந்த ஒரே கரையில் சைவ அரசனின் கையால் கத்தோலிக்கரும், கத்தோலிக்க அரசின் கையால் சைவரும், புரட்டஸ்தாந்து அரசின் கையால் கத்தோலிக்கரும் துன்புற்றிருக்கின்றனர். எந்த மதத்தவரும் தம்மை என்றும் பாதிக்கப்பட்டவராக மாத்திரம் எண்ணிக்கொள்ள இடமில்லை. அதிகாரம் எந்த மதத்தின் பெயரைச் சூடிக்கொள்கிறதோ அந்த மதத்தின் பெயரால் கொடுமை நிகழ்ந்திருக்கிறது.

இச்சோதனைகளை நீக்கியது ஆங்கிலேயர் ஆட்சி. 1806 இல் ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் பிறப்பித்த பிரமாணம் இலங்கைக் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை அகற்றி, அரச உத்தியோகங்களை அவர்களுக்குத் திறந்துவிட்டது. இங்கிலாந்திலே கத்தோலிக்கருக்குப் பாராளுமன்றத்தின் கதவு திறக்கப்பட்டது 1829 இல் தான். ஆள்பவரின் தாய்நாட்டுக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் முன்னதாகவே இந்தத் தீவு ஒரு சமத்துவத்தைக் கண்டது.

அதே ஆங்கிலேயர் காலத்து மன்னாரில் இன்னொரு வியப்பான பதவியும் இருந்தது. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடைபெறும்போது, சுறாக்கள் குளிப்பவரைத் தீண்டாதிருக்க மந்திரம் சொல்லும் கடல்கட்டி ஒருவருக்கு அரசாங்கமே ஊதியம் வழங்கிற்று. குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தமது நூலில் இதனைப் பதிவு செய்கிறார். அவர் காலத்துக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர்! பரம்பரையாக வந்த அந்தப் பணியை அவர் செய்வதற்கு அவருடைய மதம் தடையாகக் கருதப்படவில்லை. கீழைக்கரை முஸ்லிம், பரதவக் கத்தோலிக்கர், இந்து, அரபு நாட்டவர் என எல்லா மதத்துக் குளிகாரரும் அவரை நம்பிக் கடலில் இறங்கினர். மந்திரத்தின் வலிமையைப் பற்றி நாம் எதுவும் கூறுவதற்கில்லை. ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஆபத்துக்கு முன்னே, பணிக்கு உரியவர் எந்த மதத்தவர் என்று அக்கடலில் எவரும் கேட்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

நமது அரசியலமைப்பு சொல்வது

சுதந்திர இலங்கையின் முதலாவது அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் 29 ஆவது பிரிவு, ஒரு மதத்தவருக்கு மாத்திரம் பாதகமோ சலுகையோ விளைவிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றுவதைத் தடுத்தது. 1972 இன் குடியரசு யாப்பு அப்பாதுகாப்பை நீக்கி, பௌத்தத்துக்கு முதன்மை இடத்தை வழங்கியது. 1978 இன் யாப்பு அதனை 9 ஆம் உறுப்புரையாகத் தொடர்ந்தது. அதேவேளை 10 ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தையும், 12 ஆம் உறுப்புரை மத அடிப்படையிலான பாரபட்சமின்மையையும், 14 ஆம் உறுப்புரை வழிபாட்டுரிமையையும் உறுதி செய்கின்றன.

ஜனாதிபதியாவதற்கு இன்ன மதத்தவராயிருத்தல் வேண்டும் என யாப்பில் எங்கும் இல்லை. உறுதியுரையிலும் இறைவன் பெயரால் சத்தியம் செய்வதா, வெறுமனே உறுதி கூறுவதா என்பது பதவியேற்பவரின் தெரிவு. எனினும் இதுவரை பதவி வகித்த நிறைவேற்று ஜனாதிபதிகள் அனைவரும் பௌத்தர்களே. அமெரிக்காவைப் போலவே இங்கும் எழுதப்படாத சட்டம் எழுதப்பட்டதை மேவி நிற்கிறது. 2024 நவம்பரில் பதவியேற்ற தேசிய மக்கள் சக்தியின் அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவரேனும் இடம்பெறாமை கண்டனத்துக்குள்ளானது. மதம் பார்க்காமல் திறமை பார்த்தே நியமித்தோம் என்பது அரசு தரப்பின் விளக்கமாக இருந்தது. மதம் பார்க்காத கண் எவ்வாறு எப்போதும் ஒரே பக்கத்தையே காண்கிறது என்பது சிறுபான்மையோரின் நியாயமான வினா.

தமிழ் அரசியலிலும் இச்சோதனை இல்லாமலில்லை. இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் காங்கேசன்துறைத் தொகுதியில் கிறிஸ்தவரான எஸ்.ஜே.வி. செல்வநாயகம் போட்டியிட்டபோது, அவருடைய மதம் அவருக்கு எதிராகப் பிரசாரப் பொருளாக்கப்பட்டது. 1952 இல் அவர் தோல்வி கண்டார். ஆனால் வாக்குக்காக அவர் மதம் மாறவில்லை. தமது மதத்தை மறைக்கவுமில்லை. 1956 முதல் 1970 வரையிலான பொதுத் தேர்தல்களிலும் 1975 இன் இடைத்தேர்தலிலும் அத்தொகுதி மக்களே அவரைத் தெரிவு செய்தனர். கென்னடி ஹூஸ்டனில் பேசுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, காங்கேசன்துறை வாக்காளர் அந்தச் சோதனையில் தேறியிருந்தனர்.

மன்னார்த் தொகுதியின் வரலாறு

மூன்று சமயத்தவர் கலந்து வாழும் மன்னார்த் தொகுதி ஒரேயொரு உறுப்பினரை அனுப்பிய காலத்தில், 1947 இல் யாழ்ப்பாணத்தவரான சி. சிற்றம்பலம் தெரிவாகி, டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் தபால், தந்தித் துறை அமைச்சரானார். 1974 இன் இடைத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் எஸ்.ஏ. றகீம் வென்றார். 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் பி.எஸ். சூசைதாசன் வென்றார். இந்து, முஸ்லிம், கத்தோலிக்கர் ஆகிய மூவரும் ஒரே தொகுதியின் ஒரே ஆசனத்தில் வெவ்வேறு காலங்களில் அமர்ந்தனர். ஒரே ஆசனம் என்பதால், தம் சமூகத்தின் வாக்கோடு மட்டும் எவரும் வெல்வது எளிதாக இருக்கவில்லை. மற்றவரின் படலையைத் தட்ட வேண்டிய கட்டாயம் வேட்பாளருக்கு இருந்தது.

1989 முதல் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் வன்னித் தேர்தல் மாவட்டமாகி, விகிதாசார முறையில் உறுப்பினர்களைத் தெரிவு செய்து வருகின்றன. விருப்பு வாக்கு முறையில் ஒரு வேட்பாளர் தம் சமூகத்தை மாத்திரம் ஒன்று திரட்டினாலே ஆசனம் பெறலாம். சிறிய சமூகங்களுக்கும் பிரதிநிதித்துவம் கிடைக்கிறது என்பது இதன் நன்மை. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மற்றச் சமூகத்தின் படலையைத் தட்டும் வழக்கம் அருகிப் போனது இதன் விலை. சமூகத் தலைவர் என்பதும் மக்கள் பிரதிநிதி என்பதும் ஒன்றாகி விட்டன.

1990 ஒக்டோபரில் நடந்தது இவை எல்லாவற்றிலும் பெருந்துயரம். வடமாகாணத்தின் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் மன்னார் மாவட்டத்தவர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், முசலி ஆகிய இடங்களின் மக்கள் வீடுகளையும் தோட்டங்களையும் வள்ளங்களையும் விட்டுப் புத்தளம், கற்பிட்டிக் கரைகளுக்குச் சென்றனர். 1981 இன் குடிசன மதிப்பீட்டின்படி மன்னார் மாவட்ட மக்களுள் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று மேற்பட்டோர் முஸ்லிம்களாக இருந்தனர். ஒரு மாவட்டத்தின் கால்வாசிச் சமூகம் சில நாட்களுக்குள் இல்லாமற் போயிற்று. எவரது வாக்கும் பெறாத அதிகாரம் ஒன்று, மனிதரை அவர் செய்த செயலால் அன்றி அவர் சார்ந்த சமூகத்தால் அளந்ததன் விளைவு இது. 2002 இல் அன்ரன் பாலசிங்கம் இதனைத் தவறென ஏற்றுக்கொண்டார். ஆனால் தவறென்ற சொல் காணியையும் கரைவலைப் பாட்டையும் மீட்டுத் தருவதில்லை.

திரும்பி வந்தோரின் பிரச்சினைகள் அதனைக் காட்டின. உப்புக்குளம் முஸ்லிம் மீனவர் 1990 க்கு முன் பயன்படுத்திய கோந்தைப்பிட்டி இறங்குதுறையை, போரினால் விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தமிழ் மீனவர் பயன்படுத்தி வந்தனர். 2012 ஜூலையில் அப்பிணக்கு நீதிமன்றத்துக்குச் சென்று, நீதிமன்றக் கட்டடத்தின் மீதே கல்லெறியும் அளவுக்கு முற்றியது. நாடெங்கும் சட்டத்தரணிகள் பணிப்புறக்கணிப்புச் செய்தனர். அகதியான முஸ்லிமுக்கும் அகதியான கத்தோலிக்கருக்கும் இடையே ஓர் இறங்குதுறைப் பிணக்கு; அதைத் தீர்க்க வேண்டிய அரச இயந்திரம் காலத்தில் தீர்க்காதபோது, அது மதப் பிணக்காகத் தோற்றம் கொண்டது.

இத்தகைய சூழலில் பதவிக்கு வருபவரின் நிலை இக்கட்டானது. மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட அகதியாகப் புத்தளம் சென்று, பின்னர் வன்னி உறுப்பினராகவும் அமைச்சராகவும் ஆன ரிசாட் பதியுதீன், தம் மக்களை மீள்குடியேற்றப் பெரிதும் பாடுபட்டார் என்பது முஸ்லிம்களின் பரவலான கருத்து. அதே மீள்குடியேற்றத்தில், வில்பத்துவுக்கு வடக்கேயுள்ள கல்லாறு வனப்பகுதி அழிக்கப்பட்டது சட்டவிரோதம் என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்து, மீள்வனமாக்கும் செலவை அவர் ஏற்க வேண்டுமெனப் பணித்தது. இடம்பெயர்ந்தவரின் தேவை நியாயமானது. அதனை நிறைவேற்றும் வழியும் சட்டத்துக்குள் அமைய வேண்டும். சட்டத்துக்குள் அதற்கு இடமில்லாதபடி முசலியின் காணிகள் வர்த்தமானி அறிவித்தல்களால் ஒதுக்கப்பட்டதும் அதே அளவு கேள்விக்குரியது. இரண்டையும் ஒருசேரச் சொல்வதே நேர்மை.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் நடந்தது வேறு வகை. அதுரலியே ரதன தேரர் கண்டியில் உண்ணாவிரதம் இருந்து, ரிசாட் பதியுதீனும் இரு முஸ்லிம் ஆளுநர்களும் பதவி நீக்கப்பட வேண்டுமெனக் கோரினார். ஆளுநர்கள் விலகினர். ஜூன் 3 ஆம் திகதி, அமைச்சர், இராஜாங்க அமைச்சர், பிரதி அமைச்சர் பதவிகளிலிருந்த முஸ்லிம்கள் கூட்டாக விலகினர். குற்றச்சாட்டுக்கு உள்ளாகாதவர்களும் விலகினர். கட்சி பேதமின்றி ஒரு மதத்தவர் அனைவரும் அரசாங்கத்தை விட்டு வெளியேற நேர்ந்த அந்நாள், மதச் சோதனை இந்நாட்டில் எழுதப்படாத வடிவில் வாழ்கிறது என்பதற்குச் சான்று. ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டால் அவரை விசாரிக்க வேண்டும். அவர் தொழும் திசையை விசாரிக்கலாகாது.

மதகுருவும் அரசியலும்

அப்படியாயின் மதம் அரசியலிலிருந்து முற்றாக விலகி நிற்க வேண்டுமா? அவ்வாறு கூறுவோர் மன்னாரின் வரலாற்றை அறியாதவர். 1985 ஜனவரியில் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளார் கொல்லப்பட்டார். அவர் எந்தப் பதவியிலும் இருக்கவில்லை; தம் மக்களோடு நின்றார். மன்னார் ஆயராக 1992 முதல் 2016 வரை பணியாற்றிய இராயப்பு ஜோசப் ஆண்டகை, 2011 ஜனவரியில் கற்றறிந்த பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தோன்றி, இறுதிப் போருக்கு முன்னும் பின்னுமான அரச புள்ளிவிபரங்களை ஒப்பிட்டு, 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என வினவினார். அந்த எண்ணிக்கை பின்னர் உலகெங்கும் பேசப்பட்டது. அவருடைய நிலைப்பாடுகள் அனைத்தையும் மன்னாரின் எல்லாச் சமூகத்தவரும் ஏற்றதில்லை. ஆயினும் அவர் கேட்ட கேள்வி கத்தோலிக்கருக்கு மாத்திரம் உரியதன்று. 2025 ஓகஸ்டில் மன்னார்த் தீவின் காற்றாலைத் திட்டங்களுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் தெருவில் இறங்கியபோது மதகுருமார் முன்னின்றனர். அரசாங்கம் பணிகளைத் தற்காலிகமாக இடைநிறுத்த நேர்ந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, ஆட்சி அதிகாரத்தில் பங்கேற்கும் பொதுப் பதவிகளைக் குருமார் ஏற்பதைத் தடை செய்கிறது. கட்சி அரசியலில் அவர்கள் முனைந்து ஈடுபடுவதையும் பொதுவாக விலக்குகிறது. பேசலாம், ஆளலாகாது என்பதே அதன் சாரம். இதற்கு மாறாக, 2004 இல் ஜாதிக ஹெல உறுமய சார்பில் ஒன்பது பௌத்த பிக்குகள் பாராளுமன்றம் சென்றனர். பதவியில் அமர்ந்த துறவி, தம்மை எதிர்ப்பவரை மதத்தின் எதிரியாகக் காட்டும் வாய்ப்பு அவருக்கு எளிதாகக் கிடைக்கிறது. முஸ்லிம் அரசியலிலும் இதுபற்றிய சிந்தனை இருந்தது. ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸை நிறுவிய எம்.எச்.எம். அஷ்ரப், 2000 செப்டெம்பரில் மறைவதற்கு முந்திய காலத்தில், எல்லாச் சமூகங்களையும் உள்ளடக்கும் தேசிய ஐக்கிய முன்னணியைக் கட்டியெழுப்ப முயன்றார். அம்முயற்சி அவரோடு நின்றுவிட்டது.

நமது தேர்தல் சட்டமும் இவ்வேறுபாட்டை அறியும். மத ரீதியான தீங்கு நேருமென அச்சுறுத்தி வாக்குக் கேட்பதும், மத வழிபாட்டுக் கூட்டங்களில் வாக்குப் பிரசாரம் செய்வதும் தகாத செல்வாக்கு என்ற குற்றத்தினுள் அடங்கும். பூசை மேடையும் மிம்பரும் திருப்பலிப் பீடமும் தேர்தல் மேடைகளாகக் கூடாது என்பதே அதன் நோக்கம். சட்டம் இருந்தும் அது மீறப்படுவதை நாம் அறிவோம்.

இப்போது நம்முன் உள்ள கேள்வி

2019 மார்ச் மாதம், மகா சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சர வீதியில் அமைக்கப்பட்ட அலங்கார வளைவு அகற்றப்பட்டபோது தமிழர்களே இரு மதத்தவராகப் பிரிந்து நின்றனர். மாந்தையில் ஆலயமும் தேவாலயமும் அருகருகே இருப்பது புதிதன்று. 1544 உம் அதன்பின் வந்த தகர்ப்பும் அம்மண்ணில் ஒன்றன்மீது ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. ஒரு வளைவுக்கு அனுமதி அளிப்பது பிரதேச சபைக்கும் வீதி அதிகார சபைக்கும் உரிய சாதாரண நிர்வாக விடயம். அனுமதிப் பத்திரம் தருபவர் எந்த மதத்தவர் என்ற ஐயம் எழாத அளவுக்கு நிர்வாகம் நம்பிக்கை பெற்றிருந்தால், அது வீதிக்கு வந்திருக்காது. பதவி மீதான நம்பிக்கை இழக்கப்படும் இடத்தில்தான் மதம் ஆயுதமாகிறது.

ஆகவே, வேட்பாளரிடம் மதம் இல்லாதிருக்க வேண்டும் என நாம் கோரவில்லை. இறையச்சமுள்ளவர் பதவிக்கு வருவது நன்றே. அமெரிக்க அனுபவமும் மன்னாரின் அனுபவமும் ஒருமித்துக் கற்பிப்பது வேறொன்று. நம்பிக்கை பதவியாளரின் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்தட்டும். பதவியின் பயனைப் பெறுவோர் யார் என்பதை அது தீர்மானிக்கலாகாது. கத்தோலிக்கரான உறுப்பினர் எருக்கலம்பிட்டிக்காரரின் காணி உறுதிக்காகப் பேசுவாரா? முஸ்லிமான அமைச்சர் விடத்தல்தீவு மீனவரின் துறைக்கு வழி காண்பாரா? இந்துவான தவிசாளர் தோட்டவெளி வேதசாட்சிகளின் திருத்தலத்துக்குச் செல்லும் வீதியைத் திருத்துவாரா? வேட்பாளர் எந்த மதத்தவராயினும் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே.

மடு அன்னையின் ஆவணித் திருவிழாவுக்கு இந்துக்களும் செல்கின்றனர். அங்கே ஒருவர் மற்றவரின் மதத்தைக் கேட்பதில்லை. அந்தப் பெருந்தன்மை ஓகஸ்ட் 15 ஆம் திகதியோடு முடிந்துவிடாமல், வாக்குச் சாவடி வரையிலும் வரவேண்டும் என்பதே நமது வேண்டுகோள். சட்டத்தில் மதச் சோதனை இல்லாத நாட்டில், அதனை நடைமுறையிலிருந்தும் அகற்றும் பொறுப்பு வாக்காளருக்கே உரியது.